கரப்பன் கண்ட குழந்தையும் கச்சான் காற்றும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே, நீண்டதொரு மணற்பரப்பின் மீது எமது தேற்றாத்தீவு அமைந்திருக்கின்றது. கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, களுதாவளைக்குச் சற்று வடக்கே பேருந்தை விட்டிறங்கிக் கிழக்கு நோக்கி நடந்தால் கடல். மேற்கு நோக்கி நடந்தால் வாவி. வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்வெளி. வைகாசி பிறந்து கச்சான் வீசத் தொடங்கிவிட்டால், அந்த மேல்காற்றுத் தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டிலே கொட்டிவிட்டு, வெறுஞ் சூட்டோடு எம்மை வந்தடையும். உதடு வெடிக்கும், கிணற்று நீர் கீழிறங்கும், கொடியிற் போட்ட சேலை நாம் எடுக்கப் போகுமுன்னே உலர்ந்து சுருண்டு கிடக்கும். அக்காற்றுத் தொடங்கிய கிழமையிலேதான் எமது பேத்தியின் கன்னங்கள் சிவந்தன.

அப்போது அவளுக்கு ஐந்து மாதம். முதலில் இரு கன்னங்களிலும் காசளவில் ஒரு செம்மை. தாய் கொஞ்சிய தடம் என்று வேடிக்கை பேசினோம். மூன்றாம் நாள் அது சொரசொரப்பாயிற்று. பின்னர் நெற்றிக்கும் காதோரத்துக்கும் பரவி, முழங்கால்களின் முன்புறத்திலும் கண்டது. துணி கட்டும் இடம் மாத்திரம் மாசு மறுவின்றி இருந்தது. பகலில் ஒருவாறு சிரித்து விளையாடுவாள். இரவாகிவிட்டால் உறக்கம் இல்லை. ஏணையிலிட்டால் முகத்தை இருபுறமும் துணியிலே தேய்ப்பாள். தோளிற் சாய்த்துக்கொண்டால் தோளிலே தேய்ப்பாள். விடியும்போது ஏணைச் சேலையிலே சிறு சிறு இரத்தப் பொட்டுகளைக் காண்போம். ஒரு கொசு கடித்தாலே பொறுக்கமாட்டாத நாம், ஐந்து மாதக் குழந்தை இராமுழுதும் அரிப்போடு போராடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

எமது இல்லத்திலே மூப்பு எமது மாமியார். எண்பது வயதைக் கடந்தவர். ஊரெல்லாம் அவரைப் பெத்தா என்றே அழைக்கும். முதலில் அம்மாள் வருத்தமோ என்று ஐயுற்ற பெத்தா, அயலூராகிய செட்டிபாளையத்துக் கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். கொப்புளம் எதுவும் எழாமையைக் கண்டபின், தீர்ப்பை மாற்றிக்கொண்டார். “இது கரப்பன் மகன். தாய் வாயைக் கட்டாட்டி புள்ளைக்கு ஆறாது” என்றார்.

வாயைக் கட்டுதல் என்பது எமது பகுதியிலே எத்தகைய தண்டனை என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். வாவியிலே இறாலும் நண்டும், கடலிலே சூரையும் கணவாயும் கிடைக்கும் ஊர் இது. அவை யாவும் விலக்கு. கத்தரிக்காய் விலக்கு, அன்னாசி விலக்கு, முட்டையும் தக்காளியும் உளுந்தும் விலக்கு. எஞ்சியவை சோறும் பயறும் முருங்கையிலைச் சொதியும். எமது மகள் ஒரு மாத காலம் அவற்றையே உண்டாள். கை வளையல் முழங்கைவரை ஏறத் தொடங்கிற்று. பால் குறைந்தது. அதே குசினியிலே சமைத்த இறால் கறியை அதே வீட்டுக் கூடத்திலிருந்து நாம் உண்டோம் என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கின்றது. ஒரு நாள் பிற்பகல், குழந்தையைத் தோளிலிட்டபடி அவள் எம்மிடம் வந்து, “நான் திண்டதாலதானே அப்பா புள்ளைக்கு இப்படி?” என்று கேட்டாள். முப்பதாண்டு காலம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் போதித்த எம்மிடம் அதற்கு விடை இருக்கவில்லை. பேசாமல் இருந்தோம். பேசாமல் இருந்தமையே அவளுக்கு ‘ஓம்’ என்று ஒலித்திருக்க வேண்டும்.

இதற்கிடையே கைவைத்தியமும் நடந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். வெடித்த தோலிலே அது பட்டதும் குழந்தை வீறிட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. பயற்றம்மாத் தேய்த்து முழுகவார்த்தோம். தேற்றாங்கொட்டையை மட்பானையின் உட்புறத்திலே உரைத்து, நீரைத் தெளியவைத்து, அந்நீரிலே குளிப்பாட்டினார் பெத்தா. தேற்றா மரங்கள் செறிந்திருந்தமையாலேயே எமது ஊருக்கு இப்பெயர் வந்தது என்பர். அக்கொட்டை கலங்கல் நீரைத் தெளிவிக்கும் செய்தி கலித்தொகையிலேயே வருகின்றதாதலின், மூதாட்டியின் மீது நாம் குற்றங்காண இயலாது. ஆயினும் நீரிலே மிதக்கும் மண்ணைத்தான் அது அடியிற் படியச் செய்யும், கரைந்திருக்கும் உவரை அகற்றாது, தோலையும் ஆற்றாது. அயலிலுள்ள பரிகாரியார் ஒருவரிடமும் சென்றோம். அவர் குழந்தையின் கன்னத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “நீர் வடியிற நேரத்தில எண்ணெய் போடக்கூடாது, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்க” என்று அனுப்பிவிட்டார். தமக்கு எல்லை உண்டு என்று அறிந்த வைத்தியரை எம்முறையைச் சார்ந்தவராயினும் மதிக்கத்தான் வேண்டும்.

மாதந்தோறும் நிறை பார்க்கும் குடும்பநல மாது, குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டிலே நிறைக்கோடு சரியத் தொடங்கியதைச் சுட்டிக்காட்டிய பின்னரே நாம் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம். அங்கிருந்த இளம் வைத்தியை, மகள் என்ன உண்டாள் என்று கேட்கவில்லை. “குடும்பத்தில யாருக்காவது முட்டு வருத்தம் இருந்ததா?” என்று கேட்டார்.

எமக்கு இருந்தது. சிறுபிராயத்திலே மாரி வந்தால் நெஞ்சு இழுக்கும். எத்தனையோ இரவுகள் தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடி விடியவிட்டிருக்கின்றோம். மகளுக்கும் காலையில் எழுந்தவுடன் பத்துப் பன்னிரண்டு தும்மல் உண்டு. இவற்றை வைத்தியையிடம் சொன்னபோதே எமக்கு விளங்கிவிட்டது. ஒரு மாதமாக வீட்டிலே குற்றவாளிக் கூண்டிலே நின்றவை இறாலும் கத்தரிக்காயும். அவற்றை உண்ட மகள். உண்மையிலே குழந்தைக்கு அச்சொத்தைக் கொடுத்தவர்களின் வரிசையிலே நாமும் நின்றோம்.

இவ்வகைக் கரப்பனும் ஆஸ்துமாவும் ஒவ்வாமைத் தும்மலும் ஒரே குடும்பத்திலே சுற்றிச் சுற்றி வருவதை வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவர். 1923ஆம் ஆண்டிலே அமெரிக்க வைத்தியர்களான கோக்கா, குக் ஆகிய இருவரும், கிரேக்கம் கற்ற அறிஞர் ஒருவரின் உதவியோடு, இத்தன்மைக்கு ‘அற்றோப்பி’ என்று பெயரிட்டனர். இடந்தவறியது, விசித்திரமானது என்பது பொருளாம். காரணம் முழுதும் விளங்காதபோது வைத்தியர்களும் இவ்வாறு பெயர் சூட்டித் தப்பித்துக்கொள்வதுண்டு. 2006ஆம் ஆண்டிலேதான் விளக்கத்தின் பெரும்பகுதி கிடைத்தது. தோலின் மேற்படையை உறுதியாக்கும் ‘பிலாகிறின்’ என்னும் புரதத்தை ஆக்கும் பரம்பரை அலகிலே குறை உள்ளவர்களுக்கு இந்நோய் கூடுதலாக வருகின்றது என ஸ்கொட்லாந்தின் டண்டி நகரத்து ஆய்வாளரும் அவர்தம் கூட்டாளிகளும் கண்டனர். எல்லாக் குழந்தைகளுக்கும் அதுவே காரணம் அன்று. ஆயினும் நோயைப் பார்க்கும் பார்வையே அதன்பின் மாறிற்று.

வைத்தியை இதனை எமக்கு விளக்கிய முறை இன்னும் நினைவில் நிற்கின்றது. “உங்கட வீட்டில கிடுகு வேலி இருக்குதா ஐயா? கிடுகு இத்துப் போனா உள்ளுக்க இருக்கிற ஈரம் வெளியால போகும். வெளியால இருக்கிற தூசு உள்ளுக்க வரும். புள்ளைட தோலும் அப்படித்தான்.” ஈரம் போனமையால் தோல் காய்கின்றது; தூசும் வியர்வையும் சவர்க்காரமும் புகுவதனால் அழற்சி உண்டாகின்றது; அழற்சியால் அரிப்பு; அரிப்பால் தேய்ப்பு; தேய்ப்பால் வேலி மேலும் பிய்கின்றது. கச்சான் காற்று அந்த இற்றுப்போன வேலியைத்தான் வந்து தாக்கியிருக்கின்றது.

பயற்றம்மாவை உடனே நிறுத்தச் சொன்னார். உணவுப் பொருளை வெடித்த தோலின் மேல் தேய்ப்பதனால், வாய்வழியே பழகவேண்டிய உணவை உடல் தோல்வழியே பகையாக அறிந்துகொள்ள இடமுண்டு என்பது இக்காலத்து ஆய்வாளரின் கருத்து. வாசனைச் சவர்க்காரமும் பவுடரும் வேண்டா என்றார். தினமும் இருமுறை, மூன்றுமுறை உடல் முழுதும் பூசுவதற்கு வாசனையற்ற வெள்ளை வசிலின் களிம்பும், சிவந்த இடங்களுக்கு மாத்திரம் ஒரு வீத ஐதரோகோட்டிசோன் களிம்பும் தந்தார்.

இங்கேதான் எமது படிப்பு எம்மைக் கவிழ்த்தது. வீட்டுக்கு வந்து, களிம்போடிருந்த துண்டுத்தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தோம். ‘ஸ்டீரொயிட்’ என்ற சொல்லைக் கண்டதும் மனம் திடுக்கிட்டது. தோல் மெலியும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். பூசிய மூன்றாம் நாளே கன்னம் வெளுத்து வழவழப்பானது. போதும், இனி இந்த நஞ்சு வேண்டா என்று எடுத்து அலுமாரியின் மேற்றட்டிலே வைத்துப் பூட்டினோம். மருமகன், “வைத்தியர் ஏழு நாள் எண்டல்லவா மாமா சொன்னவர்?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மாமனாரை எதிர்த்து மருமகன் பேசும் வழக்கம் எமது பக்கத்திலே இல்லை, அவ்வளவோடு அடங்கிவிட்டார். நாமும் வசிலின் பூசுவதிலே கைதளர்ந்தோம். ஆறிய தோலுக்கு ஏன் மருந்து என்பது எமது நியாயம்.

எட்டாம் நாள் செம்மை மீண்டது. பத்தாம் நாள் அதன்மேல் தேன் உறைந்தாற்போன்ற மஞ்சட் பொருக்குக் கட்டியது. அன்றிரவு குழந்தையின் உடல் அனலாய்க் கொதித்தது. பால் குடிக்க மறுத்தாள். அழுவதற்கும் வலுவின்றி முனகினாள். நள்ளிரவிலே முச்சக்கரவண்டி ஒன்றைப் பிடித்துப் பெருந்தெருவால் விரைந்தோம். மகள் வழிநெடுகிலும் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மௌனத்தைவிட அவள் எம்மை ஏசியிருக்கலாம்.

தோலிலே கிருமி தொற்றியிருந்தது. இந்நோயுள்ள தோலிலே ‘ஸ்டபிலோகொக்கசு’ என்னும் கிருமி எளிதிற் குடியேறும். மஞ்சட் பொருக்கு அதன் அடையாளம். மூன்று நாள் விடுதியிலே தங்கி மருந்து கொடுத்தனர். அந்நாள்களிலே அறிந்த இன்னொன்றையும் தாய்மாருக்குச் சொல்லிவைக்க வேண்டும். ஒரே அளவான சிறு கொப்புளங்கள் கூட்டங்கூட்டமாக எழுந்து, குழிபோல் உடைந்து, காய்ச்சலும் கண்டால் அது வேறு கிருமியின் வேலை; உதட்டிலே காய்ச்சற் கொப்புளம் உண்டாக்கும் அதே கிருமி. கரப்பனுள்ள குழந்தைக்கு அது பேராபத்தை விளைக்கும். அதற்குக் காலையாகட்டும் என்று காத்திருக்கலாகாது. உதட்டிற் கொப்புளமுள்ளவர் எத்துணை நெருங்கிய உறவினராயினும் குழந்தையைக் கொஞ்ச விடலாகாது.

களிம்பை நிறுத்தியவர் யார் என்று வைத்தியை கேட்டார். நாமே என்று ஒப்புக்கொண்டோம். அவர் ஏசவில்லை. தோலின் மேற் பூசும் இம்மருந்தின் பயனை 1952ஆம் ஆண்டிலே நியூயோர்க் வைத்தியர்களான சுல்ஸ்பேர்கரும் விற்றனும் எடுத்துக்காட்டியதற்கு முன், இத்தகைய குழந்தைகளின் கைகளைத் துணியாற் கட்டிவைத்துத் தாரெண்ணெய் பூசுவதன்றி வைத்தியரிடம் வேறு பெரிய வழி இருக்கவில்லை என்பதை அவர் சொல்லக் கேட்டோம். வலிமை மிக்க களிம்பை மாதக்கணக்கிலே பூசினாற் கேடு விளையும். வலிமை குறைந்ததைச் சொன்ன அளவிலே சொன்ன நாள்வரை பூசினால் அக்கேடு இல்லை. அஞ்ச வேண்டியது, அயலார் அன்போடு கொண்டுவந்து தரும் பெயர்ச்சீட்டில்லாத வெண்களிம்புகளுக்கே. அவற்றுள் என்ன இருக்கின்றது என்பதை விற்பவனும் அறியான். அளவுக்கும் ஒரு வழி சொன்னார். வளர்ந்தவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் இரேகைவரை குழாயிலிருந்து பிதுக்கிய களிம்பு ஏறக்குறைய அரைக் கிராம். விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். 1991ஆம் ஆண்டிலே பிரித்தானிய வைத்தியர்கள் வகுத்த அளவு இது. நாமோ முன்னர் கடுகளவு தொட்டுக் காட்டிவிட்டுப் பூசியதாக எண்ணியிருந்தோம்.

வீடு திரும்பியபின் அலுமாரித் திறப்பு மருமகனிடம் போயிற்று. அவர் ஒரு கொப்பியிலே தேதியிட்டு, பூசிய வேளைகளைக் குறித்தார். எமக்கு ஒதுக்கப்பட்ட பணி குளிப்பாட்டும் நீரைப் பதமாக்குவது. முழங்கையை அமிழ்த்திப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. பத்து நிமிடத்துக்கு மேல் நீரில் வைப்பதில்லை. எடுத்ததும் பழைய நூல் வேட்டியால் ஒற்றுவோம், துடைப்பதில்லை. தோலிலே ஈரப்பசை இருக்கும்போதே வசிலினை மயிர் படிந்திருக்கும் திசையிலே மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும்; எதிர்த்திசையிலே தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைபட்டுச் சிறு கட்டிகள் எழும். டப்பாவிலே விரலை விடாமல், கொதிநீரிலிட்ட கரண்டியாலேயே எடுத்தோம். மருந்துக் களிம்புக்கும் வசிலினுக்கும் இடையே அரைமணி நேரம் விட்டோம். பகற் புழுக்கத்திலே வசிலின் கனத்து வியர்க்குரு எழுந்தபோது, வைத்தியையைக் கேட்டு, பகலுக்கு இலகுவான களிம்பும் இரவுக்கு வசிலினுமாக மாற்றிக்கொண்டோம். கிழமைக்கு 100 கிராமுக்கு மேல் செலவாயிற்று.

நீரைப்பற்றிய கவலை எமக்கு நெடுநாள் இருந்தது. எமது கிணற்று நீர் சற்று உவர். நகரத்திலிருந்து போத்தல் நீர் வாங்கிக் குளிப்பாட்டுவோமா என்றுகூட எண்ணினோம். இங்கிலாந்திலே வன்னீரை மென்னீராக்கும் கருவியைக் கரப்பனுள்ள பிள்ளைகளின் வீடுகளிலே பொருத்திப் பார்த்த ஆய்வு 2011ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் காணப்படவில்லையாம். அதனால் கிணறு பிழைத்தது. இலண்டனிலுள்ள உறவினர் அன்போடு அனுப்பிய, குளிக்கும் நீரிலே கலக்கும் தைலப் போத்தலும் அவ்வாறே. பிரித்தானியாவிலே நடந்து 2018ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வு, தோலிலே நேரே பூசும் களிம்போடு இதனையும் சேர்ப்பதனால் மேலதிகப் பயன் இல்லை என்று முடிவு கூறியிருக்கின்றது. அப்போத்தல் இன்றும் எமது மேசையிலே அழகாக இருக்கின்றது.

ஏணையைப்பற்றியும் ஒரு சொல். மகளின் கலியாணத்துக்கு வந்த நைலெக்ஸ் சேலையிலே ஏணை கட்டியிருந்தோம். வழவழப்பாக இருக்கும் என்பது பெத்தாவின் எண்ணம். அது காற்றை விடாது. குழந்தையை வியர்க்க வைக்கும். அதனை அவிழ்த்துவிட்டுத் துவைத்துத் துவைத்து மெலிந்த நூற்சேலையாற் கட்டிய இரவு, நெடுநாளின் பின் அவள் மூன்று மணி நேரம் தொடர்ந்து உறங்கினாள். நாம் மூவரும் மாறி மாறி எழுந்து, மூச்சு வருகின்றதா என்று பார்த்தோம். மணிக்கட்டிலே கட்டியிருந்த வசம்பும் கறுப்புக் கயிறும் ஈரத்தில் ஊறித் தோலை அறுப்பதைக் கண்டு கழற்றச் சொன்னோம். பெத்தா அவற்றை ஏணைக் கயிற்றிலே கட்டிவிட்டுத் திருப்தியடைந்தார். வசிலின் ஊறிய துணி தீயைக் கண்டால் சட்டென்று பற்றும் என்பதனால், குத்துவிளக்கு ஏணையிலிருந்து வெகுதூரம் தள்ளிவைக்கப்பட்டது.

மகளின் உணவுக்கு வருவோம். குழந்தைக்குத் தெளிவான ஒவ்வாமை அறிகுறி இல்லாதவிடத்து, பாலூட்டும் தாய் உணவைக் குறைத்தல் வேண்டா என்று வைத்தியை எழுதியே கொடுத்தார். பெத்தா எழுத்தறியார், அத்தாளை நாம் உரத்து வாசித்தோம். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாட் காலையிலே வாவிக்கரைக்குச் சென்று, தாமே பேரம் பேசி இறால் வாங்கிவந்தார். சமைத்து, கோப்பையிலிட்டு, மகளின் முன்னே வைத்துவிட்டு, பக்கத்திலேயே அமர்ந்துகொண்டார். “தின் புள்ள. வாறத நான் பாக்கிறன்” என்றார். மகள் உண்டாள், உண்ணும்போதே அழுதாள். குழந்தையின் கன்னத்தை அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் பெத்தா ஐம்பது தரமாவது பார்த்திருப்பார். ஒன்றும் வரவில்லை.

ஆறு மாதம் நிறைந்து குழந்தைக்கு ஊண் தொடங்கியபோது மற்றொரு கச்சான் எமது வீட்டுக்குள் வந்தது. நிலக்கடலையைக் கச்சான் என்றே நாம் வழங்குவது வாசகர் அறிந்ததே. கரப்பன் குழந்தைக்குக் கச்சானா என்று வீடே திகைத்தது. இலண்டனிலே நடந்து 2015ஆம் ஆண்டிலே வெளியான ஓர் ஆய்வு பழைய எண்ணத்தைத் தலைகீழாக்கிவிட்டது. கடுங்கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை இரு கூறாக்கி, ஒரு சாராருக்குக் கடலையை முதலாண்டிலேயே ஊட்டி, மறுசாராருக்கு விலக்கி, ஐந்து வயதிலே சோதித்தனர். உண்டவர்களிடையே கடலை ஒவ்வாமை ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. ஆயினும் கரப்பன் கடுமையான குழந்தைக்கு வைத்தியரைக் கேளாமல் இதனைத் தொடங்குதல் தகாது. முழுக் கடலை எந்தச் சிறு குழந்தைக்கும் ஆகாது, தொண்டையிலே சிக்கும். எமது பேத்திக்கு முதலிலே முட்டையும், பின்னர் வைத்தியையின் சம்மதத்தோடு, மாவாய் அரைத்துக் கஞ்சியிலே கரைத்த கச்சானும் கொடுத்தோம்.

ஐப்பசியிலே வாடை திரும்பி மழை விழுந்தது. கன்னங்கள் தெளிந்தன. நோய் போய்விட்டதென்று நாம் சொல்லவில்லை. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் இப்போது இடம் மாறிக்கொண்டிருக்கின்றது. பல பிள்ளைகளுக்கு வளர வளரக் குறையும் என்றும், சிலருக்குத் தொடரும் என்றும் சொல்லியிருக்கின்றனர். வைகாசியில் மீண்டும் கச்சான் வீசும். மருமகனின் கொப்பி இரண்டாவதாகிவிட்டது.

அவளுக்கு இப்போது ஒரு வயதும் ஒரு மாதமும். களிம்பு பூசும் வேளையை அறிவாள். டப்பாவைக் கண்டால் தானே கையை நீட்டுவாள். நேற்று மாலை மகள் திரும்பிப் பார்ப்பதற்குள் முழுக் கையையும் அதற்குள் அமிழ்த்தி, தவழ்ந்து வந்து, சாய்மனைக் கதிரையிலே கண்ணயர்ந்திருந்த எமது முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, மேலிருந்து கீழாக மிகுந்த கவனத்தோடு எமது காலிலே தடவத் தொடங்கினாள். கரண்டியால் எடுக்க வேண்டும் என்ற விதியை அவளுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.